மெட்டி ஒலியும் கருகமணியும்



நாற்பது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்கள் இருவர் முன்பின் அறிமுகமின்றி ஓரிடத்தில் அமர நேர்ந்தால், 'மெட்டி ஒலி' என்ற ஒரு பெயர் போதும், பேச்சுத் தொடங்கிவிடும். 2002 பிப்ரவரி 4 அன்று சன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2005 செப்டம்பர் 14 அன்று நிறைவுற்ற அந்தத் தொடர் நாடகம் 811 பகுதிகள் ஓடியது. இயக்கியவர் திருமுருகன், கோபி என்னும் பாத்திரத்தில் நடித்தவரும் அவரே. மனைவியை இழந்த முதியவர் சிதம்பரம் தம் பெண் மக்கள் ஐவரையும் கரைசேர்க்கப் படும் பாடுதான் கதை. தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி என்ற அப்பெயர்களை இன்றும் வரிசை பிறழாமல் சொல்லக்கூடியவர்கள் எங்கள் உறவில் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள்.

மார்க்கத்தையும் அன்றாட வாழ்வையும் பேசும் இடத்தில் தொடர் நாடகத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும் எங்கள் தலைமுறைப் பெண்களின் இரவுப் பொழுதுகள் எங்கே போயின என்பதை எண்ணிப் பார்க்காமல், எங்கள் வாழ்வைப் பற்றி நேர்மையாக எதுவும் எழுதிவிட முடியாது. நாடகம் நல்லதா, கெட்டதா என்ற ஒற்றை வரித் தீர்ப்போடு கடந்துபோகும் அளவுக்கு அந்தப் பொழுதுகள் எளியவையும் அல்ல.

மலைமேல் ஓர் ஊர்

நான் வளர்ந்தது மாஞ்சோலையில். மணிமுத்தாறு அணையைக் கடந்து, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டக் குடியிருப்புகள் மேலே ஒன்றன்பின் ஒன்றாக விரியும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மண் அது. தாமிரபரணிச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தனர். வாப்பா அங்கே சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். லயன் வீடுகளின் வரிசையை ஒட்டி எங்கள் வீடு. ஒரு சுவருக்கு அப்பால் தோட்டத்தில் வேலைபார்க்கும் இந்துக் குடும்பம். அதற்கடுத்து ஒரு கிறிஸ்தவப் பெரியம்மா.

அவ்வூர்ப் பெண்களின் பகல் அட்டைக்கடியிலும் சாரலிலும் கழியும். காலையில் கூடையைச் சுமந்து சென்றால், மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்புவார்கள். பிறகு விறகு, தண்ணீர், சமையல், பிள்ளைகள். அந்த உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்கப்போய்த்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம், தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களின் இழப்பில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'சித்தி' தொடர் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் எங்கள் மலையில் அவை அடுத்தடுத்து வந்தன. அந்த ஊர்வலத்துக்குப் போய் உயிரோடு திரும்பிய பெண்களை நான் அறிவேன். ஆற்றங்கரையில் கண்டதைப் பற்றி அவர்கள் வாய்திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பின்னாளில் 'மெட்டி ஒலி'யில் சரோஜா மாமியார் முன்னால் நடுங்கி நின்ற இரவுகளில், அவர்களே வாய்விட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். தனக்காக அழ வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்குப் பிறர் கதையின் நிழலில் அழ ஓர் இடம் கிடைத்தது என்றுதான் இன்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

எல்லா வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது. உம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று: இஷா தொழுத பின்தான் பெட்டியைத் தொடலாம். முஸல்லாவை மடித்து வைக்கும் ஓசை கேட்டதும் சுவருக்கு அப்பாலிருந்து அக்கா, "மதினி, தொழுதாச்சா?" என்று குரல் கொடுப்பார். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வந்து தரையில் அமர்வார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்பதைச் சொல்ல முடியாது. முக்கியமான கட்டத்தில் இருண்டுவிட்டால், மறுநாள் காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஏறிவரும் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். நாளிதழோடும் காய்கறியோடும் முந்தைய இரவின் கதையும் அதில்தான் மலையேறி வரும்.

கணக்கும் கதையும்

அந்நாள்களில் கீழே ஊர்களில் நடந்த மார்க்கச் சொற்பொழிவுகளில் தொடர் நாடகங்கள் தவறாமல் கண்டிக்கப்பட்டன. அக்கண்டனத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். 811 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் விளம்பரத்தோடு அரைமணி நேரம் என்று கொண்டால், நானூறு மணி நேரத்துக்கும் அதிகம். ஒரு ஜுஸ்வை நிதானமாக ஓத ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பொழுதில் திருக்குர்ஆனைப் பதின்மூன்று முறை ஓதி முடித்திருக்கலாம். அதன்பின் வந்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள் ஓடியது. அதற்குக் கணக்கு ஏறத்தாழ இருமடங்கு. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அல்அஸ்ர் அத்தியாயத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்கள் உறுத்தாமல் இரா. வெற்றி பெற்ற இறைநம்பிக்கையாளரின் பண்புகளுள் ஒன்றாக வீணானவற்றை விட்டு விலகுதலை அல்முஃமினூன் அத்தியாயம் எண்ணுகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் புகாரியில் பதிவான செய்தி. நம் இரவை அளந்து, தொலைக்காட்சி நிலையங்கள் தங்கள் மிக விலைமதிப்புள்ள நேரமாக ஆக்கிக்கொண்ட பொழுது, சரியாக அதே பொழுதுதான்.

ஆயினும் அதே புகாரியில், கல்வி, நன்மை, விருந்தினர், குடும்பத்தார் ஆகியோருக்காக இஷாவுக்குப் பின் பேசலாம் என்பதற்கும் தனித் தலைப்புகள் உண்டு. அதே நூலின் திருமணப் பாடத்தில் இன்னொரு நீண்ட செய்தியும் உண்டு; அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பதினொரு பெண்கள் ஓரிடத்தில் கூடி, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைப்பதில்லை என்று உறுதிபூண்டு பேசிய கதை. ஒருத்தி, தன் கணவனை மலையுச்சியில் வைத்த மெலிந்த ஒட்டக இறைச்சிக்கு ஒப்பிடுகிறாள்: ஏறிச்செல்ல வழியும் எளிதில்லை, ஏறினாலும் பயனில்லை. ஒருத்தி வாய்திறக்கவே அஞ்சுகிறாள். ஒருத்தி புகழ்கிறாள். இறுதியில் உம்மு ஸர்உ என்பவள், தன்னை உயர்வாய் வைத்திருந்து பின் மணவிலக்குச் செய்துவிட்ட அபூ ஸர்உவைப் பற்றி நெகிழ்ந்து சொல்கிறாள். இறைத்தூதரோ குறுக்கிடாமல் முழுவதையும் செவிமடுத்தார்கள். கேட்டபின், உம்மு ஸர்உவுக்கு அபூ ஸர்உ இருந்ததைப் போல நான் உனக்கு இருக்கிறேன் என்ற பொருளில் அன்போடு மறுமொழி தந்தார்கள்.

பதினொரு பெண்கள், பதினொரு குடும்பங்கள், மாமியாரும் பிள்ளைகளும் பணிப்பெண்ணும்கூட வரும் கதை! இதைக் காட்டித் தொடர் நாடகங்களுக்கு அனுமதிச் சீட்டு எழுத நான் துணியவில்லை. அது ஒரு பொழுதில் முடிந்த கதை. நாடகம் மூன்றரை ஆண்டுகள் இழுத்தது. ஆனால் பெண்கள் குடும்பக் கதை கேட்பதையே அற்பத்தனம் என்று எள்ளி நகையாடும் குரல்களுக்கு, இந்த நபிமொழியில் மறுமொழி இருக்கிறது. தம் மனைவி சொல்லும் கதையை இறுதிவரை கேட்ட ஒரு கணவரின் வழிமுறையைப் பின்பற்றுபவர்கள் நாம். தன் கணவரைப் பற்றி முறையிட்ட கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற பெண்ணின் குரலை வானங்களின் அதிபதியே கேட்டான் என்ற செய்தியோடு ஓர் அத்தியாயம் தொடங்குவதும் நம் வேதத்தில்தான். எங்கள் வீட்டுப் பெண்களின் முறையீட்டுக்குச் செவிகொடுக்க ஆண்களுக்கு நேரம் இருந்திருந்தால், அவர்கள் அத்தனை இரவுகள் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஐந்து பெண்களின் தந்தை

மெட்டி நம் வழக்கமன்று. நம் பெண்களுக்குக் கருகமணிதான். நாடகத்தில் வந்த சடங்குகளும் நம்முடையவை அல்ல. அக்காலத்துத் தொடர்களில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் காண்பதே அரிது. ஆனால் சிதம்பரத்தின் கவலை நம் தெருக்களிலும் இருந்தது. பெண் மக்களைப் பெற்ற தந்தையின் கூனிய முதுகுக்கு மதம் இல்லை.

வாப்பா நாடகம் பார்ப்பதில்லை. கடையடைத்துவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்து பற்று வரவு எழுதுவார். ஆனால் உள்ளே ஓடும் வசனம் அவர் காதில் விழாமல் இராது. எங்கள் வீட்டிலும் பெண் மக்கள் மூவர். 2004இல் அக்காவுக்கு ஒரு நல்ல இடத்துச் சம்பந்தம் வந்தது. எல்லாம் பேசி முடியும் தறுவாயில் மாப்பிள்ளை வீட்டார், நகைக்கு மேல் ரொக்கமாகக் கைக்கூலி கேட்டனர். அதைக் கொடுப்பதென்றால் கடையைக் கைமாற்ற வேண்டும். வாப்பா அதற்கும் ஆயத்தமாகிவிட்டார். இடம் கைநழுவிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு.

மறுத்தவர் உம்மா. அவருக்குத் துணையாக நின்றவர் சுவருக்கு அப்பாலிருந்த அக்கா. கடைக்கு வந்தவர், எண்ணெய்ப் பாட்டிலைக் கல்லாப்பெட்டியின் அருகில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பாயண்ணே, அந்தச் சிதம்பரம் குடுக்கக் குடுக்க அவங்க வாய் பெருசாச்சா, இல்ல சின்னதாச்சா? நீங்களே சொல்லுங்க. கடையைக் குடுத்துட்டு மத்த ரெண்டு புள்ளைகளுக்கு எங்க போவீங்க?"

வாப்பா பதில் சொல்லவில்லை. அன்றிரவு உம்மா வேறொரு கதையைச் சொன்னார். பசியோடு இரு பெண் குழந்தைகளை அழைத்துவந்த ஒரு தாய்க்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த ஒரே பேரீச்சம்பழத்தைக் கொடுத்ததும், அவள் தான் உண்ணாமல் அதை இருவருக்கும் பிட்டுக் கொடுத்ததும், பெண் மக்களைக் கொண்டு சோதிக்கப்பட்டு அவர்களிடம் நல்லவிதமாய் நடந்துகொள்பவருக்கு அவர்களே நரகத்தைத் தடுக்கும் திரையாவர் என்று நபி (ஸல்) அவர்கள் உரைத்ததும் நாம் அறிந்த செய்திகள்தாம். "திரையா வரவேண்டிய பிள்ளைகளைக் கடனா ஆக்கிப்புடாதீங்க" என்றார் உம்மா. அந்த ஒரு வாக்கியத்தை இன்றும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

சம்பந்தம் முறிந்தது. அக்கா இரண்டாண்டுகள் காத்திருந்தாள். அந்த இரண்டாண்டுகள் எளியவையாக இருக்கவில்லை. பெண்ணிடம் என்ன குறையோ என்று உறவினர் சிலர் கிசுகிசுத்தனர். பின்னர், கைக்கூலி கேட்காத ஒரு குடும்பத்தில், மஹரைக் கையில் கொடுத்து மணந்துகொண்ட ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய இல்லறம் எல்லாரையும் போல மேடுபள்ளம் கொண்டதுதான். ஆனால் அவள் தலை குனிந்து அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. வாப்பாவும் கடையை இழக்கவில்லை.

இதைச் சொல்வது நாடகத்தைப் புகழ்வதற்காக அன்று. மகளிருக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயம் ஆணையிட்டுப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. அலீ (ரலி) அவர்கள் தம் போர்க்கவசத்தையே மஹராகக் கொடுத்து ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தார்கள் என்று மேடைதோறும் கேட்கிறோம். அத்தனையும் தெரிந்திருந்தும் எங்கள் வீட்டில் அந்த முடிவு ஊசலாடியது. தெரிந்த ஒன்றைச் செய்யும் துணிவு வந்தது, கொடுத்துக் கொடுத்துத் தளர்ந்த ஒரு மனிதரை மூன்று ஆண்டுகளாகக் கண்ணால் கண்டதாலும், அதைச் சுட்டிச் சொல்ல ஓர் அண்டை வீட்டுக்காரர் இருந்ததாலும். இன்றோ கைக்கூலி என்ற பெயர் பல ஊர்களில் மறைந்து, 'அன்பளிப்பு', 'பெண்ணுக்குப் போடுவது' என்ற பெயர்களில் கட்டிலாகவும் குளிர்பதனப் பெட்டியாகவும் இருசக்கர வண்டியாகவும் பின்வாசல் வழியே வருகிறது. நிகாஹ் ஏட்டில் மஹருக்கு ஒரு தொகை எழுதப்படுகிறது. ஏட்டில் எழுதாத கணக்கு வேறு இருக்கிறது.

இல்லாதவரைப் பற்றிப் புறம் பேசுதல்

அந்த இரவுகளில் நான் கவனித்த மற்றொன்றையும் பதிய வேண்டும். லயன் வீடுகளில் சுவர்கள் மெல்லியவை. ஒருவர் வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். நாடகம் வந்தபின், பெண்கள் அடுத்த வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுவது குறைந்து, சரோஜாவின் மாமியார் ராஜத்தைத் திட்டுவது கூடியது. புறம் பேசுதலை இறந்த சகோதரனின் சதையை உண்பதற்கு ஒப்பிடுகிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பேசினால் யாருடைய சதையும் குறைவதில்லை என்று சிறுவயதில் எண்ணிக்கொள்வேன். ஆனால் சில மாதங்களிலேயே அது திசைமாறியது. ஊரிலிருந்த ஒரு மாமியாருக்கு 'ராஜம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த அம்மையார் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் சிரிப்பு எழும். அவர் மருமகளைக் கொடுமைப்படுத்தியதை யாரும் கண்டதில்லை; குரல் சற்றுக் கடுமையானது, அவ்வளவே. பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்ற கட்டளை அதே அத்தியாயத்தில், புறம் பேசுவதைத் தடுக்கும் வசனத்துக்கு ஒரு வசனம் முன்பாகவே இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் ஓதும்போது கவனித்தேன். கதை நமக்குக் கண்ணைத் திறக்கவும் செய்யும். மனிதரை அச்சில் வார்த்துப் பார்க்கவும் பழக்கும்.

அண்டை வீடு

எங்கள் மலைநாள்களில், அதாவது 2002 முதல் 2004 வரை, ரமளான் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வந்தது. அம்மாதம் முழுவதும் உம்மா பெட்டியின் மீது துணியைப் போட்டு மூடிவிடுவார். மாலையில் நோன்புக் கஞ்சி சுவருக்கு அப்பால் போகும். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள் என்ற நபிமொழி எங்கள் அடுக்களையில் அவ்வாறு நடைமுறையில் இருந்தது. தூக்குவாளியைத் திருப்பித் தர வரும் அக்கா, அதை ஒருநாளும் வெறுமையாய்த் தந்ததில்லை. கொய்யாவோ கீரையோ இருக்கும். கூடவே, விடுபட்ட நாள்களின் கதைச் சுருக்கமும் இருக்கும். அந்த ஒருமாத நாடகத்தை உம்மா பார்த்ததில்லை, கேட்டார்.

2020இல் ஊரடங்கின்போது 'மெட்டி ஒலி' மீண்டும் ஒளிபரப்பானது. பள்ளிவாசல்கள் அடைபட்டிருந்த காலம். உம்மா அப்போது அம்பாசமுத்திரத்துக்கு வந்துவிட்டிருந்தார். சில நாள் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "நாடகம் அதேதான், பக்கத்துல ஆள் இல்லையே" என்றார். 2021 அக்டோபரில், விஜியாக நடித்த உமா மகேஸ்வரி காலமான செய்தி வந்தபோது, உம்மா முதலில் அழைத்தது எங்களை அன்று. மலையிலிருந்த அந்த அக்காவைத்தான். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். இறந்துபோன நடிகையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, கிறிஸ்தவப் பெரியம்மாவின் முழங்கால் வலியில் முடிந்தது.

2024 ஜூனில் தோட்டத்தில் வேலை நின்றது. குத்தகை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த நிலையில், தலைமுறைகளாய் அங்கே வாழ்ந்தவர்கள் மலையைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. வழக்குகள் நீதிமன்றம் சென்றன. மக்கள் மணிமுத்தாறு, ரெட்டியார்பட்டி, அம்பாசமுத்திரம் எனச் சிதறினர். அந்த அக்கா இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மகனோடு இருக்கிறார். சென்ற ஈதுக்கு உம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று உம்மா கேட்க, "கதவு எப்பவும் சாத்தியே கிடக்கு மதினி, பேரு தெரியாது" என்றார் அவர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி. ஒவ்வொருவர் கையிலும் இன்னொன்று. அவரவர் நாடகம் அவரவருக்கு.

பழைய தொடர்களை எண்ணி ஏங்கும் நம் பெண்களின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், அவர்கள் ஏங்குவது திரையில் ஓடியதற்காக அன்று, திரைக்கு முன்னால் அமர்ந்திருந்தவர்களுக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அவை கூட நாடகம் ஒரு சாக்கு. நாடகமின்றியும் அதைக் கூட்ட நம்மிடம் வழிகள் இருக்கின்றன. உறவான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயம் ஏவுகிறது. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கதவைத் தட்டிப் பெயரைக் கேட்பதற்கு 811 பகுதிகள் தேவையில்லை. இஷாவுக்குப் பிந்திய அரைமணி நேரத்தில் மனைவியின் பேச்சை, மகளின் பேச்சை, வயதான தாயின் பேச்சை இடைமறிக்காமல் கேட்பது ஒரு ஸுன்னத்தை உயிர்ப்பிப்பதாகும். மகளுக்கு வரன் பேசும் வீட்டுக்கு, கேட்டதைக் கொடுத்துவிடாதீர்கள் என்று துணிந்து சொல்லும் ஒரு குரலாக நாம் இருப்பதும் அண்டை வீட்டார்க்குச் செய்யும் உபகாரமே.

உம்மாவுக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது. ரெட்டியார்பட்டிக்கு அடுத்த முறை போகும்போது, அந்தச் சாத்திய கதவைத் தாமே தட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் பொழுதுகளை வீணாகாமல் காப்பவனும், முறையிடுவோரின் குரலைக் கேட்பவனுமாகிய அல்லாஹ், நம் இல்லங்களின் பெண் மக்களை நமக்குத் திரையாக ஆக்குவானாக. வாழ்ந்த மண்ணைப் பிரிந்தவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தருவானாக. ஆமீன்.